பூட்டிய ஷெட்டில் இரண்டு மஞ்சள் சிலிண்டர்கள்

கேள்வி: நான் வலியசாலை அக்ரகாரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். என் அத்திம்பேர் நாகர்கோவிலுக்கு வெளியே சிறிய ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) யூனிட் ஒன்றை நடத்திவந்தார். குளோரின் சிலிண்டரும் காஸ்டிக் சோடாவும் வாங்கி, சலவைக்காரர்களுக்கும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்பவர்களுக்கும் ஹைப்போ தயாரித்துக் கேன்களில் விற்பார். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. யூனிட் பூட்டியே கிடந்தது. இப்போது இடத்தை விற்றுவிட அக்கா நினைக்கிறாள். சாமான்களை அப்புறப்படுத்த ஆக்கர் கடைக்காரரை அழைத்துப் போனோம். ஷெட்டின் பின்பக்கம் ஆள் உயரத்தில் இரண்டு மஞ்சள் சிலிண்டர்கள் இருக்கின்றன. ஒன்று நிற்கிறது, தலையில் மூடி இருக்கிறது. மற்றது படுத்துக் கிடக்கிறது, மூடி இல்லை. அதன் வால்வைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாக ஏதோ பிசுக்கு. கிட்டே போனால் ப்ளீச்சிங் பவுடர் வாடை லேசாக வருகிறது. கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "காலிதான் சார், மிச்சம் இருந்தாலும் ராத்திரி தோப்பில் வைத்துத் திறந்துவிட்டால் காற்றோடு போய்விடும், பயமாக இருந்தால் பாழுங்கிணற்றில் இறக்கிவிடலாம்" என்கிறார். பிறகு காஸ் கட்டரால் துண்டு போட்டு இரும்பாக எடுத்துக்கொள்வாராம். முன்பணமும் கொடுத்துவிட்டார். இது சரியா? சட்டப்படி நாங்கள் யாரிடம் போகவேண்டும்?

பி.கு.: கொச்சுவேளி டைட்டானியம் ஆலை எங்கள் தெருவிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே ஏதாவது கசிந்தால் நாங்கள் என்ன செய்வது என்றும் சொல்லவேண்டும்.

— வாசகர், வலியசாலை, திருவனந்தபுரம்

பதில்: கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களிடம் தொலைபேசியில் சொன்னதை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். இதே நிலையில் வேறு வாசகர்களும் இருக்கக்கூடும். அந்த ஷெட்டுக்குள் யாரும் போகவேண்டாம். சிலிண்டரை நிமிர்த்தவோ, உருட்டவோ, வால்வை இறுக்கவோ, கழுவவோ வேண்டாம். பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு 101 அல்லது 112-க்கு அழைத்து, "பழைய குளோரின் சிலிண்டர், கசிகிறது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வெறும் "சிலிண்டர் லீக்" என்றால் சமையல் காஸ் என்று நினைத்து அதற்கான தயாரிப்போடுதான் வருவார்கள்.

காரணங்களுக்கு வருவோம். வாடை வருகிறது என்றால் அது காலி சிலிண்டர் இல்லை. குளோரின் உள்ளே திரவமாகவும் அதன்மேல் வாயுவாகவும் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் மிச்சம் இருந்தாலும், முக்கால்வாசி நிறைந்திருந்தாலும், அழுத்தம் ஒன்றேதான். நம் ஊர் 30 டிகிரி வெக்கையில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய எட்டு, ஒன்பது மடங்கு. அதனால் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லமுடியாது, தட்டிப் பார்த்தும் சொல்லமுடியாது. எடை போட்டால்தான் தெரியும். சிலிண்டரின் கழுத்தருகே வெறும் எடையை அச்சாக அடித்திருப்பார்கள். மொத்த எடையில் அதைக் கழித்தால் கிடைப்பதுதான் உள்ளிருக்கும் குளோரின். அந்த எடையைப் போடவேண்டியது பயிற்சி பெற்ற ஆட்கள், நீங்கள் அல்ல.

வால்வைச் சுற்றியுள்ள பிசுக்குதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஈரமில்லாத குளோரின் சாதாரண வெப்பத்தில் எஃகை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அதை இரும்புச் சிலிண்டரிலேயே வருடக்கணக்கில் வைத்திருக்கமுடிகிறது. ஈரம் பட்டதும் கதை மாறிவிடும். குளோரினும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகும். வால்வின் பேக்கிங் வழியாக மயிரிழை அளவு கசிந்த வாயு, நாகர்கோவில் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரித்த மிச்சம்தான் அந்தப் பிசுக்கு, பெரும்பாலும் ஃபெரிக் குளோரைடு. கசிவு அரிப்பை உண்டாக்கும், அரிப்பு கசிவைப் பெரிதாக்கும். குளோரின் கசியும் இடத்தில் தண்ணீர் அடிக்கக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். பல வருடம் அசையாத ஸ்பிண்டிலை ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் அது திருகாது, முறியும். முறிந்தால் மூடுவதற்கு வால்வே இருக்காது.

படுத்துக் கிடக்கும் சிலிண்டரில் இன்னொரு சிக்கல். நிற்கும் சிலிண்டர் தலையில் கசிந்தால் வாயுவாகக் கசியும். படுத்திருந்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடலாம். திரவம் ஒரு பங்கு வெளியே வந்தால் அது சுமார் 460 பங்கு வாயுவாக விரியும். ஒரே ஓட்டைதான், ஆனால் வெளியேறும் அளவு எத்தனையோ மடங்கு ஏறிவிடும். கசியும் சிலிண்டரை, ஓட்டை மேலே வரும்படி திருப்பி வைப்பதுதான் இந்தத் தொழிலில் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். அதையும் முகத்தில் மூச்சுக்கருவி மாட்டியவர்கள்தான் செய்வார்கள்.

ஆக்கர் கடைக்காரர் சொன்ன மூன்று யோசனைகளையும் பார்ப்போம். அவர் கெட்டவர் அல்ல. ஆக்சிஜன் சிலிண்டரையும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையும் கையாண்ட பழக்கத்தில் பேசுகிறார்.

தோப்பில் திறந்துவிடுவது. நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால் அவை 100 கிலோ சிலிண்டர்கள். ஒன்று முழுதாக இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கிலோ குளோரின் வாயுவாகி 35 கன மீட்டர் ஆகும். காற்றில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு குளோரின் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு நீர்த்துப்போக 35 லட்சம் கன மீட்டர் காற்று வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளம், 350 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரத்துக்கு ஊர்க்காற்று முழுவதும் அந்த ஒரே சிலிண்டரால் மூச்சுவிட முடியாததாகிவிடும் என்று அர்த்தம். இரவு அதற்கு மிக மோசமான நேரம். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. காற்றசையாத குளிர்ந்த இரவில் அது மேலே எழும்பிப் போகாது. தரையோடு தவழ்ந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். குமரி மாவட்டத்தில் தோப்புக்குப் பக்கத்தில் பள்ளம் என்றால் குளக்கரை, வாய்க்கால், ஓட்டு வீடுகள்.

கிணற்றில் இறக்குவது. தண்ணீர் குளோரினை அவ்வளவாக ஏற்றுக்கொள்ளாது. 20 டிகிரியில் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 7 கிராம் கரையும், சூடு ஏற ஏற அதுவும் குறையும். 100 கிலோவைக் கரைக்கக் குறைந்தது 14,000 லிட்டர் வேண்டும். கரைந்ததும் அங்கேயே நிற்காது, மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கும். அதோடு, குளோரின் கொதிப்பது மைனஸ் 34 டிகிரியில். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் அடுப்புமாதிரி. சூட்டைக் கொடுத்து உள்ளிருப்பதை வேகமாக ஆவியாக்கும், வெளியே எஃகை அரிக்கும். கனமான வாயு நிறைந்த கிணற்றுக்குள் விவரம் தெரியாமல் ஒருவர் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கவேண்டியதில்லை.

காஸ் கட்டர். இதைப் படித்தபோதுதான் நான் தொலைபேசியை எடுத்தேன். சுமார் 250 டிகிரிக்கு மேல் சூடான எஃகு குளோரினில் தீப்பற்றும். எண்ணெயோ பெயின்டோ பற்றுவது பற்றிச் சொல்லவில்லை, சிலிண்டரின் இரும்பே எரியும். அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, உள்ளே இருக்கும் குளோரினே போதும். கட்டரை அணைத்தாலும் அது அணையாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 ஆகஸ்டில் உத்தராகண்டின் ருத்ராபூரில் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றிலிருந்த சிலிண்டரிலிருந்து நச்சுவாயு கசிந்து, பார்க்கப்போன அதிகாரிகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். 2024 ஜனவரியில் டேராடூன் ஜாஜ்ரா பகுதியில் காலி மனை ஒன்றில் கிடந்த குளோரின் சிலிண்டர்கள் கசிந்து, அக்கம்பக்கத்து வீடுகளைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விட நினைவில் வைக்கவேண்டியது மும்பை செவ்ரி. 2010 ஜூலை 14 அதிகாலை, துறைமுகக் கிடங்குப் பகுதியில் உரிமை கோராமல் பத்து வருடத்துக்கு மேலாகக் கிடந்த குளோரின் சிலிண்டர்களில் ஒன்று கசிந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இறக்குமதி செய்தவர் எடுத்துப்போகவில்லை, துறைமுகம் அப்புறப்படுத்தவில்லை. துரு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. உங்கள் அக்காவின் ஷெட்டில் நடப்பதும் அதேதான், அளவுதான் சிறியது.

சரி, பின் எப்படித்தான் ஒழிப்பது? இந்த மாதிரி வாயுக்களை ஒழிப்பது என்றால் வெளியே விடுவது அல்ல, வேறொன்றாக மாற்றிவிடுவது. வாயு எவ்வளவு தீவிரமாக வினைபுரியுமோ அவ்வளவுக்கு அதை மாற்றுவதும் சாத்தியம். ஆபத்துக்குக் காரணமான அதே குணம்தான் அதைத் தீர்த்துக்கட்டவும் பயன்படுகிறது. ஃபாஸ்ஜீனைக் காஸ்டிக்கில் விட்டால் உப்பும் கார்பனேட்டும் ஆகும். சிப் ஆலைகளிலும் சோலார் செல் ஆலைகளிலும் வரும் சிலேன் காற்றைப் பார்த்ததும் தானே தீப்பற்றும். அதைக் கட்டுப்பாடான அறையில் எரித்தால் மிஞ்சுவது மணலில் இருக்கும் அதே சிலிக்கா. உங்கள் சிலிண்டரில் இருப்பதற்குக் காஸ்டிக். அதில் விளைவது ஹைப்போ. உங்கள் அத்திம்பேர் வாழ்நாளெல்லாம் செய்து விற்றதும், குளோரின் ஆலைகள் கசிவைப் பிடிக்க வைத்திருக்கும் ஸ்க்ரப்பர் செய்வதும் ஒரே வேலைதான்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவுக்குப்பின் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்த பூச்சிமருந்து ஆலையின் 610 என்ற தொட்டியில் இருந்த ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டில் தண்ணீர் புகுந்து, சூடேறி, வாயு வெளியே பீறிட்டது. அந்த ஆலையில் ஒழிப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. வாயுவைக் காஸ்டிக்கில் கழுவும் ஸ்க்ரப்பர் இருந்தது, ஆனால் ஓடாமல் ஓரமாக நின்றது. ஓடியிருந்தாலும் அவ்வளவு வாயுவைத் தாங்கும் அளவுக்கு அதைக் கட்டியிருக்கவில்லை. எரித்துவிடும் கோபுரம் இருந்தது, ஆனால் அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டை அரிப்பு காரணமாகக் கழற்றி வைத்திருந்தார்கள். தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர்த் திரை இருந்தது, வாயு வெளிவந்த உயரத்துக்கு அது எட்டவில்லை. நான்கு பூட்டுகள், நான்கும் திறந்தே கிடந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். வேறு தொட்டிகளில் இன்னும் இருபது டன்னுக்கு மேல் அதே திரவம் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வது? மத்திய அரசு அனுப்பிய விஞ்ஞானிகள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அப்போதைய சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநர் டாக்டர் எஸ். வரதராஜன். அவர்கள் எடுத்த முடிவு, அதைப் பூச்சிக்கொல்லியாகவே மாற்றிவிடுவது. பயந்து ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 16-ஆம் தேதி தொடங்கி, அதே ஆலையைத் திரும்ப ஓட்டி, மிச்சமிருந்ததைச் செவின் என்ற பூச்சிமருந்தாகத் தயாரித்து முடித்தார்கள். ஆலை வேலியைச் சுற்றி ஈரத் துணிகள், மேலே தண்ணீர் தெளிக்க ஹெலிகாப்டர். 'ஆபரேஷன் ஃபெய்த்' என்று அதற்குப் பெயர். வெளியே விட்டு ஊரைக் கொன்ற பொருளை, உள்ளேயே வைத்து உருமாற்றியபோது ஓர் உயிரும் போகவில்லை.

இதைப் படித்ததும், "ஷெட்டிலேயே பழைய காஸ்டிக் தொட்டி இருக்கிறதே, நாமே செய்துவிடலாமா?" என்ற எண்ணம் உங்களுக்கோ அத்திம்பேரிடம் வேலைபார்த்த யாருக்கோ வரும். வேண்டாம். காகிதத்தில் கணக்கு எளிது. ஒரு கிலோ குளோரினுக்கு 1.13 கிலோ காஸ்டிக். 100 கிலோவுக்கு 113 கிலோ, கையிருப்பாக இன்னும் கொஞ்சம். ஆனால் தொட்டிப்பக்கம் நின்றவர்களுக்குத்தான் மற்றது தெரியும். குளோரின் காஸ்டிக்கில் போகும்போது சூடு கிளம்பும். குளிர்விக்காவிட்டால் ஹைப்போ சிதையத் தொடங்கும். காஸ்டிக் தீர்ந்தபிறகும் குளோரின் போய்க்கொண்டிருந்தால் கரைசலின் காரம் இறங்கி, அதுவரை பிடித்துவைத்த குளோரினையெல்லாம் தொட்டி திருப்பிக் கக்கிவிடும். வாடை மூக்கில் ஏறும்போது ஓடுவதற்கு நேரம் குறைவு. பல வருடம் திறந்து கிடந்த காஸ்டிக் பாதிக்குமேல் காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சலவைச் சோடாவாகியிருக்கலாம். சோடாவுக்கு ஒரு கிலோ குளோரினைப் பிடிக்க மூன்று கிலோ வேண்டும். தொட்டி நிறைய இருக்கிறதே என்று நம்பி இறங்கியவரின் கணக்கு அங்கே தப்பிப்போகும்.

எல்லாவற்றையும்விடப் பயப்படவேண்டியது பின்னிழுப்பு. சிலிண்டர் காலியாகும் நேரத்தில், குழாயில் இருக்கும் குளோரினைக் காஸ்டிக் வேகமாக உறிஞ்சும். குழாயில் வெற்றிடம் உண்டாகி, காஸ்டிக் சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். உள்ளே மிச்சமிருக்கும் குளோரினும் காஸ்டிக்கும் மூடிய எஃகுக்குள் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைத் தடுக்கத்தான் ஒழுங்கான ஆலைகளில் குழாயைப் பத்து மீட்டருக்கு மேல் உயர்த்தி வளைத்து இறக்குவார்கள். வெற்றிடம் எவ்வளவு இழுத்தாலும் திரவம் அந்த உயரத்தைத் தாண்டாது. சிறு யூனிட்களில் அந்த வளைவு இருப்பதைவிட இல்லாமல் இருப்பதுதான் அதிகம். உங்கள் அத்திம்பேர் ஷெட்டில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் இப்போது நம்பக்கூடாது.

எனவே முறை இது. தீயணைப்புத் துறை முதலில் வரும். கசிவு ஊரைத் தொடும் அளவுக்கு இருந்தால் மாவட்ட நிர்வாகம் தேசியப் பேரிடர் மீட்புப் படையை அழைக்கும்; தமிழ்நாட்டுக்கு அது அரக்கோணத்தில் இருக்கிறது. கசிவு சிறிதாக இருந்தால் குளோரின் ஆலையிலிருந்து பயிற்சி பெற்றவர்கள் எமர்ஜென்சி கிட்டோடு வந்து, கசியும் வால்வின்மேல் கவிழ்த்து இறுக்கும் குல்லாவைப் பொருத்துவார்கள். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க அம்மோனியாவில் நனைத்த துணியைக் கிட்டே காட்டுவார்கள். குளோரின் இருந்தால் வெண்புகை கிளம்பும். பிறகு ஒன்று அங்கேயே காஸ்டிக்கில் விட்டுத் தீர்ப்பார்கள், அல்லது பத்திரமாக ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார்கள். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும், உங்கள் மாநிலத்தில் கொச்சி உத்யோகமண்டலிலும் குளோரின் ஆலைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் ஸ்க்ரப்பர் என்பது அன்றாடம் ஓடும் இயந்திரம், அவசரத்துக்கு நிறுவியது அல்ல.

கூடவே நீங்கள் எழுத்தில் தெரிவிக்கவேண்டியவர்கள் மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் சென்னை அலுவலகம். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். சிலிண்டர்களை ஆள்வது 2016-இன் காஸ் சிலிண்டர் விதிகள், அவற்றை நடத்துவது அந்தத் துறை. குளோரின் சிலிண்டரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தியே தீரவேண்டும். உங்களுடையதில் கடைசிச் சோதனைத் தேதி கழுத்தில் அடித்திருக்கும். அங்கேயே வரிசை எண்ணும் இருக்கும். எண்ணைப் பார்க்க நீங்கள் போகாதீர்கள், வருகிறவர்களே குறித்துக்கொள்வார்கள். ஆனால் அத்திம்பேரின் பழைய பில், டெலிவரி சலான், டெபாசிட் ரசீது ஏதாவது அக்கா வீட்டு அலமாரியில் இருந்தால் தேடி எடுங்கள். சிலிண்டர் பெரும்பாலும் காஸ் விற்ற நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். வாடிக்கையாளர் டெபாசிட் மட்டும் கட்டியிருப்பார். அந்த ஒரு சீட்டு கிடைத்தால், "எங்களுடையது இல்லை" என்று யாரும் கைகழுவ முடியாது.

"நாங்களே போய்ச் சொல்லி மாட்டிக்கொள்வோமா?" என்று தொலைபேசியில் அக்கா கேட்டார். நியாயமான பயம். வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுவது நல்லது. ஆனால் சட்டத்தின் போக்கு எந்தப் பக்கம் என்பதை மட்டும் சொல்கிறேன். டெல்லியில் 1985 டிசம்பர் 4 அன்று ஸ்ரீராம் உர ஆலையிலிருந்து ஓலியம் கசிந்த வழக்கில், தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் நடத்துபவர், அதனால் விளையும் கேட்டுக்கு எந்தச் சாக்கும் சொல்லமுடியாது. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதும் எடுபடாது. தெரிந்தவுடன் தகவல் சொன்னவர் நிலையும், தெரிந்தபிறகு முன்பணம் வாங்கிக்கொண்டு இரவில் தோப்பில் திறந்துவிட்டவர் நிலையும் நீதிமன்றத்தில் ஒன்றாக இருக்காது. அப்புறப்படுத்தும் செலவு கொஞ்சம் இருக்கும். இடம் விற்கும் தொகையில் அதை முதல் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். ஆக்கர் கடைக்காரர் கொடுத்ததை இன்றே திருப்பிக் கொடுத்து, ஷெட் சாவியையும் அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள்.

இனி கொச்சுவேளி. திருவாங்கூர் டைட்டானியம் ப்ராடக்ட்ஸ் 1946-இல் உருவான பழைய நிறுவனம். கந்தகத்தை எரித்துக் கந்தக டை ஆக்சைடாக்கி, வனேடியம் வினையூக்கி வழியாக அனுப்பி, கந்தக அமிலமாக்கி, அந்த அமிலத்தில் இல்மனைட் மணலைக் கரைத்து வெள்ளை நிறமி எடுப்பது அதன் முறை. அங்கே குளோரின் ஆலையின் ஆபத்து இல்லை. இருப்பது கந்தக வாயுக்களும் அமிலமும். 2021 பிப்ரவரியில் அங்கே கசிந்து கடற்கரையைக் கறுப்பாக்கியது ஃபர்னஸ் ஆயில், வாயு அல்ல. உங்கள் தெரு அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் அளவில், தென்கிழக்கே. பகலில் கடல்காற்று ஊர்ப்பக்கம் வீசும் என்பதால் கண்ணெரிச்சலும் இருமலும் எட்டலாம்; அத்தனை தூரத்தில் அதற்குமேல் என்று நான் பயப்படமாட்டேன். அப்படி ஏதாவது நடந்தால் கதவு ஜன்னலைச் சாத்தி உள்ளே இருப்பதுதான் முதல் வேலை. வெளியே இருந்தால் காற்றோடு ஓடாதீர்கள். காற்றுக்குக் குறுக்கே நடந்து, மேட்டுப்பக்கம் போங்கள். கிள்ளியாற்றங்கரைப் பள்ளத்துக்கு இறங்கவேண்டாம். கண்ணைப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் கழுவுங்கள். ஷெட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: குளோரினை மூச்சில் இழுத்தவர் "இப்போது சரியாகிவிட்டது" என்றாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகவேண்டும். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணிநேரம் கழித்துத் தொடங்கலாம்.

உண்மையில் வலியசாலையில் குளோரின் வாயுவைச் சந்திக்கும் வாய்ப்பு ஆலையைவிடக் குளியலறையில்தான் அதிகம். சாலைக் கடைத்தெருவில் வாங்கிவந்த ப்ளீச்சிங் பவுடரையோ ஹைப்போவையோ கொட்டிய தரையில், கறை போகவில்லையே என்று ஆசிட்டையும் ஊற்றினால், கதவடைத்த சின்ன அறையில் அதே வாயு கிளம்பும். வீட்டுவேலைக்கு வருகிறவரிடம் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

ஆலையைப் பற்றி நீங்கள் சும்மா ஊகித்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. 1989-இல் வந்த அபாயகரமான இரசாயனங்கள் விதிகளின்படி, குறிப்பிட்ட அளவுக்குமேல் இப்படிப்பட்ட பொருள் வைத்திருக்கும் ஆலை, விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அந்த ஆபத்து என்ன, நேர்ந்தால் என்ன செய்யவேண்டும், செய்யக்கூடாது என்று தெரிவித்தாகவேண்டும். ஆலைக்கு வெளியிலான அவசரத் திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. உங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் லெட்டர்பேடில் திருவனந்தபுரம் ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தத் திட்டத்தில் வலியசாலை வருகிறதா, கடைசி ஒத்திகை எப்போது நடந்தது என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.